கிரேவ் என்று ஒரு சொல்

எழுபதுகளில் போடிமெட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டப் பள்ளியில் நான் டீச்சராக இருந்தேன். அங்கே இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வரும் தந்திகளைப் படித்துச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் களையெடுக்கும் பேச்சியம்மா தந்தியோடு ஓடி வந்தாள். அவள் புருஷன் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். ‘ஹஸ்பண்ட் கிரேவ், ஸ்டார்ட்’ என்றிருந்தது. ‘சீரியஸ்’ என்றிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கிரேவ் என்றால் கல்லறை என்றுதான் நான் படித்திருந்தேன்.

"அடக்கமே பண்ணிட்டாங்க பேச்சி" என்றேன்.

"மூஞ்சியக்கூடக் காட்டாமப் பொதைச்சுட்டாங்களே!" என்று அலறியவள், போடிக்கு இறங்கும் ஜீப்பிலேயே பொட்டை அழித்தாள். வளையல்களைக் கம்பியில் அடித்து உடைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தேற்றியதும் நான்தான்.

எங்கே புதைத்தார்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் கேட்கப் போனால், ஆள் கட்டிலில் உயிரோடு கிடந்தான். அவளுடைய வெறும் நெற்றியையும் ரத்தம் காய்ந்த கைகளையும் பார்த்தான்.

"ஏ புள்ள, நான் செத்துட்டேனா?"

பேச்சியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிரேவ் என்றால் ‘கவலைக்கிடம்’ என்றும் பொருள் உண்டு என்று நர்ஸ் சொன்னாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். சில மாதம் கழித்துப் பேச்சியம்மா இன்னொரு இங்கிலீஷ் கடிதத்தோடு வந்தாள். நீட்டிய கையில் புது வளையல்கள் குலுங்கின. வாங்க எனக்குக் கை வரவில்லை.

"எனக்கு எல்லா வார்த்தையும் தெரியாது பேச்சி" என்றேன், முதல் தடவையாக.

"அது எனக்கும் தெரியும் டீச்சர். தெரிஞ்சத மட்டும் படிங்க" என்றாள்.