களி உருண்டையில் கால் பங்கு

ஐந்தாம் வகுப்பில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு பின்னம். மேலே ஒன்பது, கீழே நான்கு. நான்காக வெட்டியதிலிருந்து ஒன்பது துண்டை எப்படி எடுப்பது? டீச்சர் பலகையில் கேக் வரைந்து விளக்கினார். சாந்திபுரம் பக்கத்து எங்கள் ஊரில் கேக்கைப் பார்த்தவர் யாருமில்லை. எல்லாரும் தலையாட்டினோம்.

எனக்குக் கவலை அதோடு நிற்கவில்லை. பெங்களூரில் கட்டட வேலை செய்த அப்பா போன தடவை வந்தபோதே சொல்லிவிட்டார்: “கணக்குல பாஸானா ஆறாவது படி. இல்லன்னா அம்மாவும் அங்க வேலைக்கு வரட்டும், நீ தம்பியப் பாத்துக்கினு இரு.”

பரீட்சைக்கு முந்தின மாலை அம்மா கேழ்வரகுக் களி கிண்டி, மூன்று உருண்டை பிடித்து வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். நான் கரண்டிக் காம்பை நனைத்து ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினேன். பன்னிரண்டு துண்டு. எனக்கு வேண்டியதோ ஒன்பது. மீதி மூன்றை என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் நாலு வயதுத் தம்பி குழம்பில் தோய்த்து விழுங்கிவிட்டான்.

அம்மா திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். “துன்றதுல என்னடி வெளையாட்டு?”

“கணக்கும்மா.”

“உங் கணக்குக்கு வயிறு பெருசுதான். முக்கா உருண்டையக் காணோமே.”

ஈரக் கையால் நான்கு துண்டைச் சேர்த்து ஒரு உருண்டை பிடித்தாள். இன்னும் நான்கைச் சேர்த்து இன்னொன்று. “ரெண்டு முழுசு, ஒரு காலு. வெட்டின கைக்கு அந்தக் காலுதான்.”

சொன்னாளே தவிர, முழு உருண்டையைத்தான் என் தட்டில் வைத்தாள். கால் தம்பிக்குப் போனது. அவன் கணக்கும் ஒன்றாகிவிட்டது.

மறுநாள் பரீட்சையில் மேலே பதினொன்று, கீழே மூன்று. என் கைகள் மடியில் தாமாகவே உருட்டத் தொடங்கின. மும்மூன்றாக மூன்று உருண்டை, மிச்சம் இரண்டு துண்டு.

“என்னமே கையில, பிட்டா?” என்றார் டீச்சர்.

கையை விரித்தேன். “இல்ல டீச்சர், களி.”

பாஸானேன். அந்தக் கோடையில் அம்மா மாட்டை விற்று, வீட்டைப் பூட்டினாள். குப்பம் ரயில் நிலையத்தில் பெங்களூர் ரயில் ஏறினோம். எனக்கு அரை டிக்கெட், தம்பிக்குக் கிடையாது.

“மூணு பேருக்கு ஒன்றரை டிக்கெட்டு,” என்று எதிர் சீட்டுப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன்.

“கெட்டிக்காரி. அங்க எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?” என்று அவர் அம்மாவைக் கேட்டார்.

அம்மா தம்பியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். எதற்காவது பயந்துகொண்டே இருக்கும் எனக்கு அன்றைக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை. பாஸானதற்காகத்தான் ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து, ஜன்னலுக்கு வெளியே ஓடிய கம்பங்களைத் தம்பிக்கு எண்ணிக் காட்டிக்கொண்டே போனேன்.