அரசியல் பேசக் கூடாத கடை

நான் ஜெயித்த கதை இது. தோற்ற கதைகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன, அவற்றை யார் கேட்டார்கள்?

கூடலூரிலிருந்து ஓவேலிக்கு ஏறும் சாலையில் ஒரு டீக்கடை. பதினான்கு வருடமாக அதன் அடுப்படி என்னுடையது. தேங்காய் துருவிப் போட்டுக் கையால் தட்டிச் சுடும் ரொட்டி, தொட்டுக்கொள்ள மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச் சம்பல். காலை ஏழு மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். வாசலில் 'சிலோன் ரொட்டி' என்று முதலாளி சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டியிருந்தார். உள்ளே இன்னொரு போர்டு: 'இங்கு அரசியல் பேசாதீர்கள்'. ஒரு தேர்தல் சமயத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டதில் வடை வைக்கும் கண்ணாடிப் பெட்டி நொறுங்கிப்போய், மறுநாளே மாட்டியது.

ஆனால் டீ கிளாஸைக் கையில் பிடித்தவன் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? அதற்கு வழி கண்டுபிடித்தவர் சூப்ரண்டு சார். பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர். ஏதோ ஆபீசில் சூப்பிரண்டெண்டாக இருந்து ரிட்டயராகி, இந்தக் குளிர் மனசுக்குப் பிடித்துப்போய் எங்கள் மலையிலேயே வீடு வாங்கிக்கொண்டவர். மகள் அமெரிக்காவில். மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை மகள் வந்துவிடுவாள்.

"ஏனுங்க, அமெரிக்கா பேசலாமுங்களா? அது நம்மூரு அரசியல் இல்லீங்களே" என்று ஒருநாள் கேட்டார். முதலாளி போர்டை ஏறிட்டுப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், தலையை ஆட்டிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்கப்புறம் எங்கள் கடையில் அலசப்படாத அமெரிக்கப் பிரச்சினையே கிடையாது. வரி போட்டால் திருப்பூர் பனியன் என்ன ஆகும் என்று ஒரு வாரம். துப்பாக்கிச் சட்டம் ஒரு வாரம். எதிர்க்கட்சி எப்போதும் ஜீப் ஓட்டுகிறவர், பாதி மலையாளம் பேசுகிற ஆள். "அவிட ஆளுக்கொரு தோக்கு வெச்சிருக்கான் சாரே. இவிட ஆனை வாசல்ல வந்து நிக்குது, நம்ம கையில தகர டப்பா!" என்று அவர் சொன்னபோது பெஞ்சே குலுங்கியது. அடுப்படிக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர், தட்டு நீட்ட ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக எல்லாம் கேட்டு நானும் சிரிப்பேன். நீ என்ன நினைக்கிறாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

அந்த நாள் மழை. சூப்ரண்டு சார் பேப்பரை விரித்து வாசித்தார். அமெரிக்காவில் பிறக்கிற குழந்தைக்குப் பிறந்த உடனே அந்த நாட்டுக் குடியுரிமை உண்டாம். பெற்றவர்களுக்கு உரிய காகிதம் இல்லையென்றால் இனிமேல் அது கிடையாது என்று மேலிடத்து உத்தரவாம், கோர்ட்டில் வழக்காம்.

"நியாயந்தானுங்க. பொறந்துட்டா ஊராயிருமா? அப்பனாத்தா எங்கிருந்து வந்தாங்களோ, அங்கயே மூட்டை கட்டி அனுப்போணும்" என்றார்.

"குட்டி எந்து தப்பு செஞ்சது சாரே? அது கண்ணு முழிச்ச மண்ணு அதல்லே?" என்றார் ஜீப்காரர்.

"மண்ணுல பொரண்டாப் போதுமா? காயிதம் வேணுமுங்க, காயிதம்!"

பெஞ்சு சிரித்தது. என் முதலாளியும் சிரித்தார். சந்துக்குள் கையை நீட்டி, "அம்மணி, இன்னொரு ரொட்டி" என்றார் சூப்ரண்டு சார்.

எனக்குக் கை ஓடவில்லை. நான் பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில். தாத்தா காலத்தில் இங்கிருந்து போன குடும்பம், என் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். ஆனாலும் எங்களுக்கு அங்கே பேர் 'கள்ளத்தோணி'. அந்த அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டன. உங்கள் சொந்த நாட்டுக்குப் போங்கள் என்று கப்பலில் ஏற்றினார்கள். எனக்கு எட்டு வயது. கணக்குப் பரீட்சையில் நான்தான் முதல் மார்க்கு, பரிசாகக் கலர் பென்சில் தருவதாக டீச்சர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை தருவார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அந்தப் பென்சிலுக்காகக் கப்பல் முழுக்க அழுதேன். இந்தச் 'சொந்த நாட்டில்' வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த முதல் நாளே பிள்ளைகள் எனக்கு வைத்த பேர் 'சிலோன்காரி'. நாற்பது வருடம் தாண்டியும் அது உதிரவில்லை.

ரொட்டி திருப்புகிற கரண்டியோடு வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றேன்.

"சார், நான் பொறந்தது சிலோன். நீங்க சொல்ற மாதிரியேதான், அப்பன் ஆத்தா வழி ஊருன்னு மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. இங்க வந்தா சிலோன்காரிங்கிறீங்க. இப்ப என்னை எந்த ஊருக்கு அனுப்புவீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் திடுக்கிட்டுப்போனார். "அட, உங்களைச் சொல்லலீங்க அம்மணி. நாம அமெரிக்காவைல்ல பேசிட்டிருக்கறோம்."

முதலாளி போர்டைக் காட்டினார். "அக்கா, நம்மூரு அரசியல் வேண்டாங்க்கா."

எனக்கு வந்ததே கோபம்! அவர்கள் வாயில் வந்தால் அமெரிக்கா, அதையே நான் பட்டுவிட்டு வந்து சொன்னால் அரசியலா? அடுப்பை அணைத்தேன். கரண்டியை மேஜைமேல் வைத்தேன். "சார் இதே பெஞ்சுல, இத்தனை பேரு முன்னால பதில் சொல்லட்டும். அன்னைக்கு வந்து அடுப்பைப் பத்த வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. இருந்த இடத்தையெல்லாம் யாரோ சொல்லித்தான் நான் விட்டிருக்கிறேன். அந்த அடுப்படி ஒன்றில்தான் உப்பும் நெருப்பும் என் சொல் கேட்டன. அதை நானே உதறிவிட்டு வந்திருந்தேன். அவர் பதில் சொல்லாவிட்டால் அதுவும் போனதுதான். ஆனாலும் சும்மா திரும்பிப் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஜீப்காரர் தினமும் காலையில் வாசலில் நிறுத்தி நிலவரம் சொல்வார். "மொதலாளி சுட்ட ரொட்டியை டயருக்கு முட்டுக் கொடுக்கலாம் சேச்சி!" மூன்றாம் நாள் முதலாளியே வந்தார். சிரித்தது தப்பு என்று ஒப்புக்கொண்டார். "உங்ககிட்ட நான் கேள்வி கேக்கல மொதலாளி" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஆறாம் நாள் மேட்டில் குடை ஒன்று ஏறி வந்தது. சூப்ரண்டு சார், தனியாக, மூச்சு வாங்க. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"மகளுக்கு ஏழாவது மாசமுங்க. போன்ல கூப்புட்டா. கடையில பேசுனதைப் பெருமையாச் சொன்னேன். அவ அழுதுட்டா. 'அப்பா, அந்த உத்தரவுல நாங்களும் இருக்கறோம். விசாவுல வந்தவங்க கொழந்தைக்கும் கெடையாதுன்னுதான் போட்டிருக்குது'ங்கறா." குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். "அந்தச் சேதியை நானும் நாலு வாட்டி படிச்சேனுங்க. எம் புள்ளையத் தவிர மத்தவங்களுக்குன்னு நெனச்சே படிச்சிருக்கறேன். நாஞ் சொன்னது தப்புங்க அம்மணி."

பாவமாகத்தான் இருந்தது. பிறக்காத ஒரு குழந்தையை நினைத்து அந்தப் பெரிய மனிதர் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார். சரி விடுங்க சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"மகளுக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமா இருக்கச் சொல்லுங்க. ஆனா எனக்கு இங்க சொன்னாப் பத்தாது சார். பெஞ்சுல சொல்லணும்."

தலையை ஆட்டினார். "வர்றேனுங்க" என்றார்.

மறுநாள் காலை கடையில் நிற்க இடமில்லை. ஜீப்காரர் ஓவேலி பூராவும் தண்டோரா போட்டிருந்தார். எப்போதும் நுழைகிற பின்வாசலை விட்டுவிட்டு முன்வாசல் வழியாகப் போனேன். சூப்ரண்டு சார் எழுந்து நின்றார்.

"போன வாரம் இந்த அம்மணி ஒரு கேள்வி கேட்டாங்க. பதில் சொல்லாம மழுப்பிட்டேன். இப்பச் சொல்றேனுங்க. இவங்களை எங்கயும் அனுப்ப முடியாது. பொறந்த எடமும் இவங்க ஊரு, பொழைக்கற எடமும் இவங்க ஊரு. அதைப் புடுங்கறதுக்கு நாம யாருங்க? எம் பேரப்புள்ளைக்கு ஒரு நியாயம், இவங்களுக்கு ஒரு நியாயம்னு பேசுனேன். தப்பு, தப்பு, தப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரே போய் டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். அடேயப்பா, அந்த டீ! சர்க்கரை கூடிப்போயிருந்தது, ஆனாலும் அப்படி ஒரு டீ நான் குடித்ததே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து நின்று கத்தலாம் போல இருந்தது.

முதலாளி ஸ்டூலில் ஏறிப் போர்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கழட்டிரட்டுமாக்கா?"

"இருக்கட்டும் மொதலாளி. நானும் அமெரிக்காவே பேசிக்கிறேன்."

கடை வெடித்துச் சிரித்தது. முதல் ஆளாகச் சிரித்தவர் சூப்ரண்டு சார்தான். அந்த நாட்டுக் கோர்ட்டில் வழக்கு அப்போது இழுத்துக்கொண்டிருந்தது, எங்கள் பெஞ்சில் தீர்ப்பாகிவிட்டது. அடுப்பைப் பற்ற வைத்து முதல் ரொட்டியைக் கல்லில் போட்டேன். அதற்குள் ஜீப்காரர், "அந்தக் கப்பல்ல எந்து நடந்தது சேச்சி?" என்று கேட்டுவிட்டார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கலர் பென்சிலிலிருந்து ஆரம்பித்தேன். நான் சொல்லி முடிக்கும்போது கடை முழுக்கப் புகை. ரொட்டி கரியாகியிருந்தது. தீய்ந்த வாடை எல்லார் மூக்கிலும் ஏறியிருக்கும், ஆனால் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. சூப்ரண்டு சார் அந்த ரொட்டியைத்தான் கேட்டு வாங்கி, சம்பல் வைத்துத் தின்றார்.