ஆறாம் நாள் தலைக்கணக்கு

காய்ச்சலில் கிடந்த என் மகளைத் தலை எண்ணிக் காட்டுவதற்காகத்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள், டீச்சர். காய்ச்சல் என்று தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காலை ஏழரை மணிக்கு நான்தான் போனில் சொன்னேன். எட்டே காலுக்கு நீங்களே ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். நான் டைல்ஸ் பதிக்கிறவன். ஊர் வள்ளியூர் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கரமனையில் ஆற்றுக்குப் போகும் இறக்கத்தில், மூன்று குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் உள்ள லைன் வீட்டில் இருக்கிறோம். மனைவி சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். ஒரே மகள். இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. நான் டீச்சர் என்று கூப்பிடுவது அவள் பள்ளித் தலைமை ஆசிரியையை. இன்னொருவரும் வருவார், அவரைத் தமிழ் டீச்சர் என்று சொல்கிறேன்.

மகளுக்கு நாலரை வயதிருக்கும்போது ஒரு நாள் கக்கூஸுக்குள் மாட்டிக்கொண்டாள். உள்ளே கொண்டியைப் போட்டுவிட்டாள், திறக்க வரவில்லை. மழை ஈரத்தில் கதவு ஊதி இறுகியிருந்தது. நான் உளியும் சுத்தியலும் எடுத்து வந்து கொண்டியைப் பெயர்ப்பதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே கத்திக்கொண்டிருந்தவள் கடைசி இரண்டு நிமிடம் கத்தவில்லை. அந்த இரண்டு நிமிடத்தை நான் நினைக்க விரும்புவதில்லை.

அதற்குப் பிறகு கதவுக்கு வெளியே ஒரு ஆள் நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால், "அப்பா, போயிட்டியா?" என்று அலறுவாள். தினமும் என்னத்தைப் பேசுவது? நான் டைல்ஸ் அளவு சொல்வேன். ரெண்டுக்கு ரெண்டு, நாலுக்கு ரெண்டு, ஒண்ணுக்கு ஒண்ணு. அவள் அம்மா கிழக்கேகோட்டையிலிருந்து புறப்படும் பஸ்களை ஊர் ஊராகச் சொல்வாள். அடுத்த வீட்டு மலையாளத்து அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே கேட்பார்: "அண்ணா, பாத்ரூம் முழுக்க டைல்ஸ் போட்டு முடிஞ்சோ?"

அங்கன்வாடியில் ஆயா கூடவே நின்றதால் பிரச்சினை தெரியவில்லை. பெரிய பள்ளி என்றதும் எங்களுக்கு ஒரே கவலைதான். எழுத்து, எண் எல்லாம் எப்படியும் வந்துவிடும். கதவுக்கு வெளியே யார் நிற்பது?

ஏப்ரல் வெயிலில் நீங்களும் தமிழ் டீச்சரும் எங்கள் இறக்கத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். "தமிழ் டிவிஷன் உண்டு, டீச்சர் உண்டு. குட்டிகள்தான் இல்ல, அண்ணா" என்றீர்கள். என் மனைவிக்கு மகளை வேன் வரும் இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்க ஆசை. அவள் நேராகக் கேட்டாள்.

"எம்பிள்ள கக்கூஸுக்குப் போனா யாராச்சும் வெளிய நிக்கணும். ஒங்க ஸ்கூல்ல யாரு நிப்பா?"

நீங்கள் சிரித்தீர்கள். "அதெல்லாம் சாரமில்ல, கேட்டோ." அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று அர்த்தம்.

தமிழ் டீச்சர் சிரிக்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் நிக்கேன் மக்ளே. நின்னு என்ன பேசணும்?"

"ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"சமைக்கத் தெரியும்."

"அப்ப கறி சொல்லுங்க."

"அவியல், தீயல், புளிசேரி, மத்தங்கா எரிசேரி. போதுமா?"

"ரெண்டுக்குப் போனா பத்தாது" என்றாள் மகள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான். வேன் பள்ளி வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தது அந்த ஒரு வாக்கினால்தான். கட்டடத்தையோ புத்தகத்தையோ பார்த்து நாங்கள் வரவில்லை.

பிள்ளைக்குப் பழக்க வேண்டியதைத் தமிழ் டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தானாகச் சாப்பிட, பட்டன் போட, தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூட, தானே கழுவ. இரண்டு மாதம் அதுதான் எங்கள் வேலை. நாள் முழுக்க முட்டி போட்டு டைல்ஸ் பதித்துவிட்டு வந்து, மறுபடி முட்டி போட்டு அவளுக்குப் பட்டன் சொல்லிக் கொடுத்தேன். டிபன் டப்பா மூடி அவள் கைக்கு வராததால் மூன்று டப்பா மாற்றினோம். மனைவி பத்து மணி நேரம் நின்று வலித்த காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தபடியே மாணவியாக நடிப்பாள். மகள் கையில் ஸ்கேலுடன் டீச்சர்.

"டீச்சர், ஒண்ணுக்குப் போணும்."

"இப்ப போகண்டாம். கணக்கு முடியட்டும்."

"அப்ப இங்கயே போயிருவேன்."

"போயிட்டு நீயே தொடச்சிரணும், கேட்டோ!"

கதவுப் பாடம் மட்டும் பாதியில் நின்றது. பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தோம். மே கடைசியில் பேச வேண்டாம், இடையிடையே இருமினால் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டாள். இன்னும் ஒரு மாதம் மெனக்கெட்டிருந்தால் தனியாகவே போயிருப்பாள். நான்தான் விட்டுவிட்டேன். அலுப்பு. அதுதான் தமிழ் டீச்சர் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாரே என்று நினைத்தேன். என் பங்குத் தப்பு அது. மறைக்கவில்லை.

இன்னொரு தப்பும் செய்தேன். "நாலு குட்டிகளைக் கூட்டித் தரணும், அண்ணா" என்று கேட்டீர்கள். எனக்குக் கையாளாகச் சிமெண்ட் குழைத்துத் தருகிற தம்பி தன் பையனை வள்ளியூரில் மாமியார் வீட்டில் விட்டுப் படிக்க வைக்க இருந்தான். நான் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். "பெத்த பிள்ளைய எதுக்குல ஊருக்கு அனுப்புத? இங்க தமிழ் டீச்சர் இருக்கா, தங்கமான மனுஷி" என்றேன். பையனை அவன் ஊருக்கு அனுப்பாமல் இந்தப் பள்ளியிலேயே சேர்த்தான்.

ஜூனில் முதல் நாள் மழை. வாசலில் பலூன், பிள்ளைகள் தலையில் காகிதத் தொப்பி, மைக்கில் வரவேற்பு, கையில் பாயசம். தொப்பி நனைந்து சாயம் மகளின் நெற்றியில் இறங்கியது. சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "டீச்சர் நின்னா. சாம்பார் மட்டும் ரெண்டு வாட்டி சொன்னா." என் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடுத்த நாலு நாளும் பிரச்சினை இல்லை. தண்ணீர் பாட்டில் காலியாக வந்தது. ஐந்து நாள் நாங்கள் நிம்மதியாக இருந்தோம், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் விடியும்போது உடம்பு கொதித்தது. இங்கே பள்ளிகளில் ஆறாவது வேலை நாளில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர் என்று முடிவு செய்வார்கள். எனக்கு அது தெரியாது. போனில் லீவு சொன்னேன். நீங்கள் போனை வைத்தீர்கள். பிறகு ஆட்டோவில் வந்துவிட்டீர்கள்.

"அரை மணிக்கூர் மதி, அண்ணா. அது போதும். இன்னைக்கு ஆபீஸிலேர்ந்து வந்து எண்ணுவாங்க. ஒரு தலை குறைஞ்சா டிவிஷன் போகும். டிவிஷன் போனா டீச்சர் போகும். பின்னே மோளுக்கு ஆரு நிப்பா?"

ஏப்ரலில் சாரமில்லை என்று சிரித்த விஷயத்தை அன்றைக்குச் சரியாக ஞாபகம் வைத்திருந்தீர்கள்.

"பிள்ளையத் தொட்டுப் பாத்தியளா? நீங்க ரெண்டு பேரும் மனுசங்கதானா?" என்று கேட்டாள் மனைவி. நான் மகளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு உங்கள் ஆட்டோவில் ஏறினேன். அந்தக் கதவுக்காகத்தான் ஏறினேன். அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வராந்தாவில் நின்றேன். அரை மணி நேரம் மூன்று மணி நேரம் ஆனது. வந்தவர் வாசலில் நின்றபடியே பேனாவை ஒவ்வொரு தலைக்கும் நேராக நீட்டி எண்ணினார். என் மகள் மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். நீங்கள் போய் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினீர்கள். பேனா அவளையும் தாண்டிப் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை.

அந்தக் காய்ச்சல் இறங்கும்வரை மனைவி என்னை மகள் பக்கத்தில் விடவில்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை தமிழ் டீச்சர் வரவில்லை. லீவாக இருக்கும் என்று மகளிடம் சொன்னேன். செவ்வாயும் வரவில்லை. தமிழ்ப் பிள்ளைகளை மலையாள டிவிஷனில் கடைசி பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். மொழி அவளுக்குக் கஷ்டம் இல்லை. தெருவில் என்னைவிட நன்றாக மலையாளம் பேசுவாள், சண்டையே அதில்தான் போடுவாள். புது டீச்சர் கெட்டவரும் இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கக்கூஸ் வாசலில் நின்று கறி சொல்ல அவரால் முடியாது.

தண்ணீர் பாட்டில் நிரம்பியபடி திரும்பி வந்தது.

"குடிக்கலையா மக்கா?"

"தாகமே இல்லப்பா."

ஆறு வயதுப் பிள்ளை கண்டுபிடித்த வழி. குடிக்காவிட்டால் போக வேண்டாம். அந்த வாரக் கடைசியில் பாவாடை நனைந்து வந்தாள். ஒரு பையன் பட்டப்பெயர் வைத்துவிட்டானாம், என்ன பெயர் என்று கடைசிவரை சொல்லவில்லை. பிறகு அடிவயிற்று வலி, மறுபடி காய்ச்சல். தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி வைத்ததால் வந்த தொற்று என்றார் டாக்டர். "வீட்டுல கவனிக்கறதில்லையா?" என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். அவள் மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டாள்.

உங்கள் அறைக்கு வந்தேன். "போஸ்ட் இங்கதான் இருக்கு, அண்ணா. ஆள் மட்டும் வேற ஸ்கூல்ல, தற்காலிகமா" என்றீர்கள்.

"போஸ்ட் கதவுக்கு வெளிய நிக்குமா டீச்சர்?"

"எத்தனை குட்டிக்கு நான் நிக்கறது?" என்று நீங்களும் கத்தினீர்கள். உங்கள் கண்ணுக்குக் கீழும் கருப்பு விழுந்திருந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை ஏப்ரலில் எங்கள் வாசலில் வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

சரி, நானே இடைவேளைக்கு வந்து நிற்கிறேன் என்றேன். பெண் குழந்தைகள் போகும் இடத்தில் ஆண்கள் நிற்கக் கூடாது என்றீர்கள். அதுவும் நியாயம்தான். மனைவி கடையில் சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பஸ் பிடித்து ஓடி வந்து நின்றாள். பஸ்ஸில் வந்திறங்கி பஸ் பெயரையே சொல்லிக்கொண்டு நின்றாள். மூன்று வாரம். இப்போது ஓணக் கூட்டம் கடையில் தொடங்கிவிட்டது. வெளியே போவதென்றால் ஒரேயடியாகப் போய்விடு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

போன சனிக்கிழமை கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் தமிழ் டீச்சரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் குடையைத் தாழ்த்தினார். பிறகு அவரே கிட்டே வந்து, "பாப்பா தண்ணி குடிக்காளா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"நான் மாத்தல் கேட்டிருக்கேன்னு எச்.எம்.முக்கு மார்ச்சுலயே தெரியும் அண்ணே. ஆறாம் நாள் வரை வாயத் தொறக்காதேன்னாங்க. பிள்ளைகிட்ட நிக்கேன்னு சொன்னது மனசாரத்தான் சொன்னேன். ஆனா சொல்லியிருக்கப்பிடாது."

அவருடைய பஸ் வந்துவிட்டது.

சிமெண்ட் குழைக்கிற தம்பி பையனை வள்ளியூருக்கே அனுப்பிவிட்டான். "அண்ணாச்சி, ஒங்க பேச்சு நல்லாத்தான் ஒட்டுச்சு. தட்டிப் பாத்தா உள்ள காலியா கேக்கு" என்றான். சரியாகப் பதிக்காத டைல்ஸ்தான் அப்படிக் கேட்கும்; டைல்ஸ் வேலை செய்கிறவனை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. அதற்குப் பிறகும் எனக்குச் சிமெண்ட் குழைத்துத் தருகிறான்.

எங்கள் மகளையும் வள்ளியூரில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறாள் மனைவி. சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. மகள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அங்க கதவுகிட்ட அத்தை நிப்பாளா?"

வருகிற வெள்ளிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். முதல் நாள் பாயசம் கொடுத்த அதே ஹாலில், வரவேற்புச் சொன்ன அதே மைக்கில் நீங்கள் பேசுவீர்கள். கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக உங்கள் அறைக்குக் கூப்பிட வேண்டாம், நான் வர மாட்டேன். தமிழ் டீச்சர் போகப் போவது உங்களுக்கு ஏப்ரலில் தெரியுமா, தெரியாதா? தெரிந்துகொண்டேதான் என் பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினீர்களா? திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவள் கக்கூஸுக்குப் போனால் வெளியே யார் நிற்பார்கள்? மலையாளத்தில் சொன்னாலும் போதும், அங்கே வருகிற எல்லோருக்கும் புரியும். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லுங்கள், டீச்சர்.