இரவல் துண்டு

ஆதம்பாவா பயந்த மனுஷன். இடிக்குப் பயம், பாம்புக்குப் பயம், பொலிஸ் ஜீப்புக்குப் பயம். ஆனால் எண்பத்தாறாம் ஆண்டில் அவருடைய பெரிய பயம் அட்டைதான். கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது வருடமாக நோயாளர் அட்டை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஒருவரின் அட்டை இன்னொருவருக்குப் போய்விட்டால் என்ற பயம்.

வேலை என்னவோ லேசுதான். பெண்கள் பக்கம் திரை போட்ட சிறு ஓட்டை. அதற்குள்ளால் ஒரு கை நம்பர் எழுதிய துண்டை நீட்டும். அந்த நம்பர் அட்டையை அலுமாரியில் தேடி டொக்டருக்கு அனுப்புவார். முகம் பார்ப்பது மரியாதையில்லை, பார்த்ததுமில்லை. நம்பரை மட்டும் மூன்று தரம் வாசிப்பார். "பாவாக் காக்கா, அதுக்குள்ள நான் கிழவியாப் போயிருவன்" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு அந்தப் பக்கம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! பிழை வரக்கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த துண்டு அவர் மனைவி ஸுல்பிகாவினது. காலையில் நன்றாகத்தானே இருந்தாள் என்று யோசித்தபடியே அட்டையை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஸுல்பிகா ஆண்கள் பக்க ஜன்னலில் வந்து சோற்றுப் பார்சலை நீட்டினாள்.

"என்ன கா, டொக்டரப் பாத்திட்டியா?"

"நான் எங்க பாத்தன்? நேத்து வந்த உங்கட தங்கச்சி ஜெமீலாதான் உள்ள இரிக்கா. கால்ல முள்ளுக் குத்தின இடம் சீழ் கட்டி, நீங்க வேலைக்கு வந்த பொறகு காய்ச்சல் நெருப்பா எரியிது. வெளியூர் ஆக்களுக்குப் புதுத் துண்டு போட மத்தியானம் ஆகும். அதான் என்ட துண்டக் குடுத்தன்."

அவளைக் குற்றம் சொல்லி என்ன? அந்த ஊரில் தேங்காய் துருவுகிற திருவலையைப் போலத் துண்டும் இரவல் போகும். எல்லாருக்கும் தெரியும், அட்டைக்காரரைத் தவிர.

ஆதம்பாவா சோற்றுப் பார்சலை வாங்காமலே எழுந்தார். ஜெமீலாவுக்குப் பெனிசிலின் ஆகாது. சின்ன வயதில் அந்த ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைத்துக் கிடந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்தான். அவர் கல்யாணம் முடித்து, வழக்கப்படி பெண் வீட்டோடு இந்த ஊருக்கு வந்துவிட்டார். தங்கை பிறந்த ஊரிலேயே இருந்தாள். பெனிசிலின் ஆகாதென்று சிவப்பு மையில் எழுதிய அட்டையும் அந்த ஊரில்தான் கிடந்தது. ஸுல்பிகாவின் அட்டையிலோ பெனிசிலின் நாலு தரம் போட்டும் ஒன்றுமில்லை என்று இருந்தது. சோதித்துப் பார்க்கும் சின்ன ஊசிகூடப் போடமாட்டார்கள்.

யா அல்லாஹ்! ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது. பெண்கள் ஊசி அறைத் திரைக்கு அப்பால் தாதியின் குரல் கேட்டது.

"ஸுல்பிகா, முந்தியும் போட்ட ஊசிதானே?"

"ஓம் மிஸ்ஸி." இரவல் துண்டு பிடிபட்டுவிடுமோ என்று நடுங்கிய குரல். அது ஜெமீலாவின் குரல்.

"சரி, திரும்பிப் படுங்க."

ஆதம்பாவா திரையைப் பிடுங்கி எறிந்தார். "போடாதீங்க! அது ஸுல்பிகா இல்ல!"

பெண்கள் வீரிட்டார்கள். ஊசி மிஸ்ஸியின் கையிலேயே நின்றது. ஜெமீலா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "காக்கா, என்ன வெக்கக்கேடு இது!" என்று அழுதாள். "இவளுக்குப் பெனிசிலின் ஆகாது மிஸ்ஸி" என்றார் ஆதம்பாவா.

டொக்டர் கனகரெத்தினம் வேறு மருந்து எழுதினார். "வெளிநாட்டில இதையெல்லாம் கொம்பியூட்டரில போடத் தொடங்கிட்டாங்களாம், ஆதம்பாவா. பேரத் தட்டினா எந்த ஊர் அட்டையும் வந்திருமாம்" என்றார்.

"வரட்டும் டொக்டர். சொந்தப் பேர ஆரு சொல்லுவா?"

ஆதம்பாவா தன் அறைக்கு வந்தார். ஓட்டையில் அடுத்த கை துண்டோடு காத்திருந்தது. அதை வாங்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஒன்பது வருடம்! எத்தனை கைகளுக்கு எவருடைய அட்டையை எடுத்துக் கொடுத்தோமோ என்று நினைத்தார். வெளியே போய்ப் பெண்கள் வரிசைக்கு முன்னால் நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க. கையில இரிக்கிறது ஆரிட துண்டு எண்டு ஒவ்வொருத்தராச் சொல்லுங்க."

ஒருத்தி துண்டை மடிக்குள் ஒளித்து, காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வரிசையை விட்டு நகர்ந்தாள். பின்னால் இரண்டு பேர். அப்புறம் நாலைந்து பேராகக் கலைந்தார்கள். இருபத்தாறு பேரில் மிஞ்சியது ஒன்பது பேர்.

"போகாதீங்க! புதுத் துண்டு நானே போட்டுத் தாறன்!" என்று வாசல்வரை ஓடிக் கத்தினார். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.