அத்தானுக்கான ஜெபக்குறிப்பு

என் கணவரின் அண்ணனை, நான் அத்தான் என்று கூப்பிடுகிறவரை, இன்னும் மன்னிக்கவில்லை. கிறிஸ்தவப் பெண் இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, அவரை வீட்டுக்கு அழைத்து வந்தபோது கண்டம் தப்பியது என்றார்கள். நானும் நம்பினேன். ஆனால் வந்தவர் வேறு ஆள். சிறுசேரி ஆபீஸில் பேசிப் பேசியே தொண்டை கட்டிக்கொண்டு வருகிற மனிதர், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சவரம் கிடையாது. படியேறினால் நெஞ்சு நின்றுவிடுமோ என்ற பயம். சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "நான் எதுக்குப் பொழைச்சேன்?" என்று ஒருநாள் கேட்டார். மறுநாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

இதய டாக்டரே மனநல டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை கொடுத்தார்கள். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், யாரும் சொல்லாமலே தெருமுனைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வந்தார். அன்றைய சட்னிக்கு உப்புப் போடவே மறந்துபோனேன், அவ்வளவு சந்தோஷம்.

அது பொறுக்கவில்லை அத்தானுக்கு. தாம்பரத்தில் எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர். மைக் இல்லாமலே தெருவுக்கே கேட்கும் குரல். நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"நெஞ்சுக்குப் போடுறது சரி. மனசுக்குமாடா மாத்திரை? விசுவாசம் இல்லாதவன்தான் அதைத் தேடுவான். எங்கிட்ட கொடு."

அண்ணன் பேச்சைத் தட்டாத தம்பி கொடுத்துவிட்டார். என்னிடம் மூச்சுவிடவில்லை.

கொஞ்ச நாளில் மறுபடியும் சுவர். எனக்குக் காரணம் புரியவில்லை. ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, அவருடைய போன் மேஜைமேல் இருக்கிறது. தேடிக்கொண்டு ஓடினேன். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகள் வந்துபோய்க்கொண்டிருந்தன. கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போலாங்க" என்றேன். குழந்தை மாதிரி எழுந்து வந்தார். வழியில்தான் மாத்திரைக் கதை வெளியே வந்தது.

அன்றே டாக்டரிடம் ஓடி, மறுபடி ஆரம்பித்தோம். அத்தானோடு சண்டை போடப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். சண்டை போட்டால் எனக்காக ஜெபிப்பார். அதை என்னால் தாங்க முடியாது. எங்கள் வீட்டு முறை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஜெபக்குழு வாரம் ஒரு வீட்டில் கூடும். ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்வோம். மகளுக்கு வரன், மகனுக்கு விசா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் ஆமென் சொல்லவேண்டும். பிறகு அத்தான் ஒன்றுவிடாமல் அதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லி ஜெபிப்பார். அவருக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மாத்திரை டப்பா இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார். எங்கள் வீட்டில் கூடிய அன்றும் சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டிருந்தது.

என் முறை வந்தது.

"நம்ம அத்தானுக்காக ஜெபிக்கணும். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை போட்டுட்டு இருக்கார். இன்னிக்கே அதை நிறுத்துற விசுவாசத்தை ஆண்டவர் கொடுக்கணும். இவரோட மாத்திரையை அத்தான் வாங்கிட்டுப் போன மாதிரி, அத்தானோட டப்பாவை நான் வாங்கி வச்சுக்கறேன்."

கையை நீட்டினேன். அத்தானின் கை தானாகப் போய்ச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

"என்னம்மா விளையாட்டு இது?" என்றார். பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது.

"விளையாட்டு இல்ல அத்தான். உங்க தம்பியை ஸ்டேஷன்லேருந்து கூட்டிட்டு வந்தவ நான்."

கையை நான் மடக்கவில்லை. ஆமென் சொல்லவேண்டியவர்கள் அத்தானின் சட்டைப் பையையே பார்த்தார்கள்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். அண்ணனை நேராகப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆமென்" என்றார்.