தம்பி வண்டியின் கமான் பட்டை

என் சித்தப்பா மகனுக்கும் எனக்கும் மலைமேல் குண்டனி நாட்டு ஊர் ஒன்றில் பக்கத்துப் பக்கத்துக் காடு. இருவரிடமும் ஒரே மாதிரி வெள்ளை பிக்கப். காலையில் சோளக்காடு என்ற ஊரின் சந்தைக்கு மிளகும் பலாவும் ஏற்றிப் போவோம். மதியத்துக்கு மேல் வெறும் வண்டியோடு திரும்புவோம். பங்காளிக் காய்ச்சல் என்பார்களே, அது எனக்கு வந்தது இப்படித் திரும்பி வரும்போதுதான்.

ஊருக்குச் சற்று முன்னால் ஒரு செங்குத்தான ஏற்றம். மழை அரித்து ஜல்லி பெயர்ந்து கிடக்கும். வெறும் வண்டியில் அங்கே ஆக்சிலேட்டரை மிதித்தால் என் பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்காமல் தவளை மாதிரித் துள்ளும். பல்லோடு பல் மோதும். எல்லா பிக்கப்பும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அதே ஏற்றத்தில் தம்பி வண்டி எனக்கு முன்னால் போனது. சக்கரம் ஒரு முறைகூட எகிறவில்லை. அவன் பாட்டுக்கு ஏறிப் போய்விட்டான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் கீழ்நாட்டு டீச்சர் ஒருவர், மலைக்குக் கீழே சொந்த ஊருக்குப் போய்விட்டு ஞாயிறு மதியம் சோளக்காட்டில் பஸ் இறங்கி என் வண்டியில்தான் ஊருக்கு வருவார். அந்த வாரமே அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு இடுப்பு வலி. இனிமே உங்க தம்பி வண்டியில போயிக்கறேன்."

"அதுக்கென்னங்க" என்றேன். வயிறு எரிந்தது.

டீச்சரையாவது பொறுத்துக்கொள்ளலாம். சந்தைக்குப் போன என் மனைவியும் ஒரு நாள் அவன் வண்டியிலிருந்து இறங்கினாள். "மடியில முட்டை வெச்சிருந்தனுங்க. ஒண்ணுகூட ஒடையல" என்றாள் சந்தோஷமாக. அன்று வைத்த முட்டைக் குழம்பை நான் தொடவில்லை.

நாமக்கல்லில் அவன் கமான் பட்டை மாற்றியிருக்கிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அதுதான் கமான். வண்டியின் பின்பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான். என்ன செய்தாய் என்று அவனிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. நானும் நாமக்கல்லுக்குப் போய் வேறொரு பட்டறையில் வண்டியை நிறுத்தினேன்.

மெக்கானிக் அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தார். "பட்டை சோர்ந்து போச்சுங்க. நீங்க மிதிக்கறப்ப அச்சு முறுக்கிக்கிட்டு, அப்புறம் படக்குனு விடுது. அதுதான் துள்ளுது. மெயின் பட்டைய மாத்துனா போதுமுங்க."

எனக்குப் போதவில்லை. தம்பி ஒரு பட்டை சேர்த்திருந்தால் எனக்கு இரண்டு வேண்டும். "தடியாப் பாத்து ரெண்டு சேத்துங்க" என்றேன்.

"வெறும் வண்டி தூக்கித் தூக்கிப் போடுமுங்க."

"பரவால்லைங்க. போடுங்க."

வண்டியின் பின்பக்கம் உயர்ந்து நின்றது. பார்க்க மிடுக்காக இருந்தது. பாரத்தோடு சந்தைக்கு நன்றாகத்தான் போனது. திரும்பும்போது அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி எகிறியது. பாதியில் பின்பக்கம் அப்படியே ஒருபுறமாக நழுவி, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் உரசி நின்றது. பின்னால் வந்தவன் தம்பிதான். ஓடி வந்தான்.

"அடி ஒண்ணும் படலீங்களே அண்ணா?"

"ரோட்டுல ஈரம்" என்றேன். மழை பெய்து பல நாளாகியிருந்தது. அவன் வண்டியைத் தள்ளிவிட்டான்.

சில நாள் கழித்து அவன் மகளுக்குக் காதுகுத்து. பந்தி போட்டிருந்தார்கள். அவன் பிக்கப் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்த நேரம் பார்த்து நான் வண்டிக்கு அடியில் படுத்து நுழைந்தேன். அவன் சேர்த்திருந்தது ஒரே ஒரு பட்டை. அதுவும் முழுப் பட்டை இல்லை. அச்சுக்கு முன்பக்கம் மட்டும் பாதிப் பட்டை. பின்பாதி பழையபடியே இருந்தது. எனக்குப் புரியவில்லை. சாணால் அளந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் கொலுசுச் சத்தம் கேட்டது. அவன் மனைவி.

"ஏனுங்க மாமா, எலையில பாயசம் ஆறுது. இங்க என்ன தேடறீங்க?"

"சாவி உழுந்துருச்சும்மா."

"சாவி உங்க இடுப்புல தொங்குதுங்களே!"

அவள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில், புது வேட்டி புது சட்டையோடு அவனே மண்ணில் ஊர்ந்து வந்து என் பக்கத்தில் படுத்தான். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் சிரிக்கவில்லை. கையை நீட்டித் தொட்டுக் காட்டினான்.

"முன்பாதி கெட்டியா இருந்தா அச்சு முறுக்காதுங்கண்ணா. பின்பாதி இளக்கமா இருந்தா வெறும் வண்டி தூக்கிப் போடாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே காட்டியிருப்பனே. நாளைக்கு வாரேன், ரெண்டு பேரும் போலாம்."

மறுநாள் என் வண்டியிலேயே இருவரும் மலையிறங்கினோம். அவன் பட்டறைக்காரர் அவனைக் கண்டதும் எழுந்து வந்து, பிள்ளைக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்தார். முதல் டீ அவனுக்குத்தான் வந்தது. எனக்கு அதற்குப் பிறகுதான். நான் சேர்த்த இரண்டு பட்டைகளையும் கழற்றிவிட்டு, புது மெயின் பட்டையும் முன்பக்கப் பாதிப் பட்டையும் வைத்தார்கள். பட்டை முனைகளில் நைந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். ஒவ்வொன்றையும் அவன் குனிந்து பார்த்து, சரியென்று தலையாட்டினான். அது என் வண்டி. தலையாட்ட வேண்டியவன் நான் என்று தோன்றியது. ஆனால் எதற்குத் தலையாட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி, சோளக்காடு தாண்டி, ஏற்றத்துக்கு வந்தோம். மிதித்தேன். சக்கரம் ஜல்லியைக் கடித்துப் பிடித்தது. துள்ளலே இல்லை. வண்டி கெத்தாக ஏறியது. எவ்வளவு நாள் ஏங்கிய ஏற்றம்! அவனிடம் காட்டத் திரும்பினேன். வாயை லேசாகத் திறந்தபடி, கதவில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டு முன்னால் நிறுத்தியதும் கண்ணைக் கசக்கினான். "ஊடு வந்துருச்சுங்களா? வண்டி துள்ளுச்சுங்களா அண்ணா?"

"இல்லடா."

"துள்ளாதுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். அடுத்தவன் வண்டியில், அந்த ரோட்டில், இப்படி நிம்மதியாக எனக்கு ஒரு நாளும் தூக்கம் வந்ததில்லை. அதற்கும் அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.