பத்துப் புள்ளிக் கேள்வி

ஆளெடுக்கும் பக்கத்தில் நான் உட்கார்ந்த முதல் நேர்முகத் தேர்வு அது. பீடாதிபதி, பொருளியல் படிப்பிக்கும் ஒரு மிஸ், மண்ணியல் படிப்பிக்கும் நான். கிளிநொச்சியில் உள்ள எங்கள் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கு ஒரு விரிவுரையாளர் தேவைப்பட்டார். ஆனால் எங்கள் மூவரின் கண்ணும் சுவர்க்கடிகாரத்தில்தான் இருந்தது. யாழ்ப்பாணம் போகும் ஊழியர் பஸ் நாலேகாலுக்குப் புறப்பட்டுவிடும். அந்தச் சாரதி பீடாதிபதிக்காகக் கூட ஒரு நிமிடம் நிற்க மாட்டார்.

புள்ளித்தாளின் கடைசி வரி, 'இப்பிரதேசத்தில் தொடர்ந்து பணியாற்றும் ஈடுபாடு'. அதற்குப் பத்துப் புள்ளி. அந்த வரியைச் சேர்த்தவர் பீடாதிபதி. முன்பு எடுத்த இருவரும் பிஎச்டி செய்ய வெளிநாடு போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். பனிக்குள் நின்று எடுத்த படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அந்த வயிற்றெரிச்சலில், மற்றக் கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்பவர் இதை மட்டும் தமிழில் கேட்பார். பதில் மனதிலிருந்து வரவேண்டுமாம்.

"இங்கயே இருப்பீங்களோ?"

முதலாவது ஆள் அந்த வெக்கையிலும் கோட்டோடு வந்திருந்தார். "ஓம் சேர். கிளிநொச்சியில காணி பாத்துக்கொண்டிருக்கிறன்."

"எந்தப் பக்கம்?" என்றார் மிஸ்.

"ரோட்டுக்குக் கிட்டத்தான் மிஸ்."

பீடாதிபதி முழுசாகப் பத்துப் போட்டார். இரண்டாமவர் இந்த ஊர் வெயில் தன் உடம்புக்கு நன்றாக ஒத்துப்போகிறது என்று சொல்லி ஒன்பது வாங்கினார்.

மூன்றாவதாக வந்தவர் பக்கத்துப் புதுக்குடியிருப்பில் டியூசன் வகுப்பு எடுக்கும் ஒரு பெண். முதல் வகுப்பில் சித்தியடைந்த பட்டதாரி. இது அவருக்கு நான்காவது நேர்முகத் தேர்வு. முந்தைய மூன்றிலும் இரண்டாமிடம். "இதுவும் இல்லையெண்டா இனி அப்ளை பண்ண மாட்டன் சேர். டியூசனோட இருந்திடுவன்" என்று கேட்காமலே சொன்னார்.

பத்து நிமிடம் படிப்பித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் கரண்ட் போய் புரொஜெக்டர் அணைந்தது. அவர் பதறவில்லை. பீடாதிபதியின் தட்டிலிருந்த, கிழங்கு அடைத்துப் பொரித்த ரோல்ஸை எடுத்து, "மன்னிக்கோணும் சேர்" என்று பாதியாக வெட்டி, மேல்மண் எது, அடிமண் எது, தண்ணீர் எங்கே தங்கும் என்று ஒவ்வொரு படையாகக் காட்டினார். வருடக்கணக்காக நான் படிப்பித்த பாடம் எனக்கே அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"சொல்லத் தெரியேல்ல சேர். பிஎச்டிக்கு இடம் கிடைச்சா போவன். திரும்பி வருவன் எண்டுதான் நினைக்கிறன். ஆனா இப்ப சத்தியம் பண்ணினா, பிறகு பொய்யாப் போயிடும்."

பீடாதிபதி இரண்டு போட்டார். முடிக்கும்போது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "உங்களுக்கு ஏதும் கேக்க இருக்கோ?" யாரும் எதுவும் கேட்பதில்லை. இவர் கேட்டார்.

"நீங்கள் எல்லாரும் எங்க இருக்கிறியள் சேர்?"

கொக்குவில், நல்லூர், கோண்டாவில் என்று மூவரும் யாழ்ப்பாணத்து ஊர்களையே ஒப்புவித்தோம். "பாவம், தூரம்தான்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே எங்களுக்காக இரங்கினார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் போனபின் கூட்டிப் பார்த்தோம். கோட்டுக்காரர் மூன்று புள்ளி முன்னுக்கு. எனக்கு உண்மை பொத்துக்கொண்டு வந்தது.

"சேர், இதுக்குப் புள்ளி இல்லாத காலத்திலயே என்னட்டயும் கேட்டவை. வீடு கட்டப்போறன் எண்டு சொன்னனான். இண்டைக்கு வரைக்கும் ஒரு கல்லும் வைக்கேல்ல."

மிஸ் மேசையைப் பார்த்தபடி, "நான் இங்க பக்கத்தில பரந்தனில வாடகை வீடு பேசியாச்சு எண்டனான்" என்றார்.

பீடாதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "நான் கலியாணமே இந்த ஊரிலதான் கட்டுவன் எண்டு சொன்னனான்."

சிரிப்பு அடங்கச் சில நிமிடம் ஆனது. பிறகு அவர் பேனாவை எடுத்து, மூன்று பேரின் தாளிலும் அந்தக் கடைசி வரியை வெட்டினார். மறுபடி கூட்டினால் ரோல்ஸ் வெட்டியவர் முதலிடம். வெட்டிய இடமெல்லாம் மூவரும் கையெழுத்து வைத்து முடிக்கும்போது மணி நாலரை. பஸ் போய்விட்டது.

வீதிக்கு வந்தால் பஸ் தரிப்பில் அந்தப் பெண் நின்றார். முடிவு பீடாதிபதியின் பைக்குள் இருந்தது. மேலிடம் அங்கீகரிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது.

"பஸ்ஸை விட்டிட்டியளோ சேர்?"

விட்டுவிட்டோம் என்றோம். பீடாதிபதி கைகாட்டிய இரண்டு யாழ்ப்பாண பஸ்கள் நிற்காமலே பறந்தன. மூன்றாவது வந்தபோது அந்தப் பெண் தன் சான்றிதழ்க் கோப்பை உயர்த்திப் பிடித்தார். பஸ் கிரீச்சிட்டு நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ரீச்சர், எங்க போகோணும்?" என்றார்.

"எனக்கில்ல. இவையள ஏத்துங்கோ, யாழ்ப்பாணம்."

மிதிபலகையில் கால் வைத்த பீடாதிபதி திரும்பிப் பார்த்தார். "நீங்கள் தனிய நிக்கிறீங்களே பிள்ளை?"

"நீங்கள் போங்கோ சேர், தூரம். நான் இங்கதானே இருக்கிறன்."